கல்லீரலை வெட்டும் முன் ஏன் வளர்க்கிறார்கள்? பரேலுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகள்

மும்பையில் பரேல் பக்கம் சிகிச்சைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழித்துணையாகப் போவது என் வழக்கம். தாராவிக்காரர்கள், செம்பூர்க்காரர்கள், ஊரிலிருந்து நேரே ரயிலில் வந்து இறங்கியவர்கள் என்று எல்லாரும் உண்டு. நான் டாக்டர் இல்லை. டாக்டர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்வதைத் தமிழில் சொல்கிறவன். கல்லீரலில் பெரிய ஆபரேஷன் என்று வருகிறவர்களிடம் அதற்கு முன் "கல்லீரலை வளர்க்க வேண்டும்" என்று சொல்லும்போது, ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) வாசலைத் தாண்டியதுமே கேள்விகள் தொடங்கிவிடும். அடிக்கடி கேட்டவை இங்கே. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கட்டியை எடுத்துவிடலாம் என்கிறார்கள். பிறகு எதற்கு ஒரு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

நாம் எல்லாரும் எடுக்கப்போகும் பகுதியையே நினைத்துக்கொண்டிருப்போம். டாக்டரின் கவலை விட்டுவைக்கப்போகும் பகுதியைப் பற்றியது. இந்தச் சிகிச்சையில் இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

சிறுநீரகம் இரண்டு இருக்கிறது, ஒன்றை எடுத்தாலும் மற்றது தாங்கும். பித்தப்பையை முழுதாக எடுத்தாலும் வாழலாம். கல்லீரல் அப்படியில்லை. ரத்தம் உறைவதற்கான புரதங்கள், ஆல்புமின், பித்தநீர், சர்க்கரையைச் சேமிப்பது, கழிவு அமோனியாவை மாற்றுவது என எல்லா வேலையும் ஒரே உறுப்பில்தான் நடக்கிறது. ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரியே, மீதமுள்ள துண்டு இத்தனை வேலையையும் தனியாகச் செய்ய வேண்டும். துண்டு சிறியதாக இருந்தால் காமாலை ஏறும், வயிற்றில் நீர் கோக்கும், ரத்தம் உறையாது, நினைவு மங்கும். கல்லீரல் செயலிழப்பு என்பது இதுதான். பெரிய கல்லீரல் ஆபரேஷனுக்குப் பிறகு நேரும் உயிரிழப்புகளுக்கு முக்கியக் காரணமும் இதுவே. வந்துவிட்டால் திருப்புவது கடினம், அதனால் வராமல் பார்ப்பதற்காகத்தான் அந்த மாதம்.

டாக்டர் தள்ளிப்போடுகிறார் என்று நினைக்காதீர்கள். அந்த வாரங்களும் சிகிச்சையின் பகுதிதான்.

எவ்வளவு மிச்சம் இருந்தால் போதும்?

கல்லீரலின் நிலையைப் பொறுத்தது. குறையில்லாத கல்லீரல் என்றால் மொத்தத்தில் 20 முதல் 25 சதவீதம் மிச்சமிருந்தால் பெரும்பாலும் தாங்கும். பல மாதம் கீமோ எடுத்த கல்லீரலுக்கு 30 சதவீதமாவது வேண்டும். சிரோசிஸ், அதாவது தழும்பேறிச் சுருங்கிய கல்லீரல் என்றால் 40 சதவீதம். இதைவிடக் குறைவு என்றால் முதலில் வளர்ப்பார்கள்.

பெரியவர்களின் கல்லீரல் ஏறக்குறைய 1.2 முதல் 1.5 கிலோ எடை இருக்கும். வலப்பக்கம்தான் பெரியது, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அதுவே. கட்டி வலப்பக்கம் இருந்து, நடுப்பகுதியையும் சேர்த்து எடுக்க நேர்ந்தால், இடது ஓரத்தில் மிஞ்சுவது பலருக்கு 20 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே வளர்க்கும் பேச்சு வருவது பெரும்பாலும் வலப்பக்க ஆபரேஷன்களில்தான். இடப்பக்கம் மட்டும் எடுக்கிறவர்களுக்கு இது அநேகமாகத் தேவைப்படாது.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு 27 சதவீதத்தில் ஆபரேஷன் செய்தார்கள், எங்களுக்கு 32 இருந்தும் செய்யவில்லையே என்று ஒரு அண்ணன் கோபப்பட்டார். பக்கத்துக் கட்டில்காரர் கல்லீரல் வேறு, உங்கள் அப்பாவின் கல்லீரல் வேறு. எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது.

வயிற்றுக்குள் இருப்பதை எப்படி அளக்கிறார்கள்?

மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து. மெல்லிய அடுக்குகளாக வரும் ஒவ்வொரு படத்திலும் எந்த இடத்தில் வெட்டுவார்கள் என்று கோடு போட்டு, மிஞ்சும் பகுதியின் கன அளவைக் கணினி கூட்டிச் சொல்லும். கட்டியின் அளவைக் கழித்துவிடுவார்கள். அது வேலை செய்யும் கல்லீரல் இல்லையே. சில இடங்களில் நோயாளியின் உயரம், எடையை வைத்து "இவருக்கு இருக்க வேண்டிய கல்லீரல் அளவு" என்று ஒன்றைக் கணக்கிட்டு, அதோடு ஒப்பிடுவார்கள். எடைக் கணக்கில் உங்கள் ஞாபகத்தை நம்பாமல் அன்றே தராசில் நிற்கவைப்பது அதனால்தான்.

அளவு மட்டும் போதாது, வேலைத்திறனும் வேண்டும். காமாலையைக் காட்டும் பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர்., பிளேட்லெட் எண்ணிக்கை எல்லாம் அதற்குத்தான். பச்சைச் சாயத்தை நரம்பில் ஏற்றி, 15 நிமிடத்தில் கல்லீரல் எவ்வளவு அகற்றுகிறது என்று பார்க்கும் ஐ.சி.ஜி. சோதனையும் உண்டு. எல்லா மருத்துவமனையிலும் செய்வதில்லை.

உண்மையிலேயே வளருமா? சமாதானத்துக்குச் சொல்கிறார்களா?

வளரும். 1920-லேயே ரவுஸ், லாரிமோர் என்ற இருவர் முயல்களின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் ஒரு கிளையைக் கட்டிப்பார்த்தார்கள். கட்டிய பக்கம் சுருங்கியது, கட்டாத பக்கம் பருத்தது. மனிதர்களில் ஆபரேஷனுக்கு முன்பாக இதைச் செய்துகாட்டியவர்களில் முதன்மையானவர் ஜப்பானிய அறுவை நிபுணர் மக்கூச்சி. 1980-களில் செய்யத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கும் முறை. உங்கள் வீட்டாரை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒன்றை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். வெட்டிய இடத்தில் வெட்டிய பாகம் திரும்ப முளைப்பதில்லை. இருக்கிற பாகம் பெரிதாகிறது. சும்மா இருந்த கல்லீரல் செல்கள், ரத்த ஓட்டம் திடீரென்று கூடியதும் விழித்து, ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்குகின்றன. வெட்டிய பிறகு இது தானாக நடக்கும். வெட்டும் முன்பே நடக்கவைப்பதுதான் இந்தச் சிகிச்சை.

பி.வி.இ. என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்வார்கள்?

போர்ட்டல் வெயின் எம்போலைசேஷன். கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் போர்ட்டல் ரத்தக்குழாய் முக்கால் பங்கைக் கொண்டுவருகிறது, ஹெபாடிக் தமனி மீதியைக் கொண்டுவருகிறது. உணவின் சத்தும், கல்லீரலை வளரச்சொல்லும் தூண்டுதலும் போர்ட்டல் வழியாகத்தான் அதிகம் வருகின்றன. இரண்டு வயலுக்குப் பிரியும் வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் முழுக்க மறு வயலுக்குப் போகுமல்லவா? வெட்டப்போகும் பக்கத்து மடையை அடைத்துவிடுகிறார்கள்.

இதைச் செய்வது அறுவை நிபுணர் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர். ஆபரேஷன் தியேட்டர் இல்லை, எக்ஸ்ரே திரை உள்ள கேத் லேப். விலா எலும்புக்குக் கீழே அல்லது இரண்டு விலாவுக்கு நடுவே தோலை மரக்கச் செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியை உள்ளே விட்டு, மெல்லிய குழாயைக் கிளைகளுக்குள் செலுத்தி, பசையோ நுண்துகளோ கம்பிச்சுருளோ வைத்து அடைப்பார்கள். தூக்க மருந்து கொடுப்பார்கள், பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றிரண்டு நாள் தங்க வேண்டியிருக்கும். தையல் கிடையாது, ஒரு சின்ன பிளாஸ்டர் மட்டும்.

பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி, லேசான காய்ச்சல், குமட்டல் வரலாம், சில நாளில் அடங்கும். ரத்தக்கசிவு, தொற்று, அடைக்கக்கூடாத கிளைக்குள் பசை நழுவுவது போன்ற சிக்கல்கள் அரிதாக உண்டு. கையெழுத்து வாங்கும் தாளில் இவையெல்லாம் இருக்கும். அவசரப்படுத்தினாலும் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

அடைத்த பக்கம் அழுகிப்போகாதா?

போகாது. தமனி ரத்தம் அந்தப் பக்கத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் சாகாமல் மெல்லச் சுருங்கும். எப்படியும் எடுக்கப்போகிற பக்கம் அது.

அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு எம்போலைசேஷன் ஆகிவிட்டது. மறுபடியும் அதே பில்லா?

அநேகமாக அது டேஸ். கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் தமனியில் கீமோ மருந்தை விட்டு, அந்தத் தமனியை அடைப்பது. கட்டியைப் பட்டினி போடுவதற்கு. பி.வி.இ. அடைப்பது போர்ட்டல் குழாயை, நல்ல பக்கத்தை வளர்ப்பதற்கு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பில்லைப் பார்த்ததும் குழப்பம் வருகிறது. கல்லீரலில் தோன்றும் ஹெபாடோமா வகைக் கட்டிகளுக்கு முதலில் டேஸ், சில வாரம் கழித்து பி.வி.இ. என்று இரண்டையும் சேர்த்தே திட்டமிடுவதுண்டு. தமனி, போர்ட்டல் இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் அந்தப் பக்கம் செத்தே போய்விடும் அபாயம் உண்டு, அதனால்தான் இடைவெளி.

"நாற்பது சதவீதம் வளர்ந்திருக்கிறது" என்றார் ஒரு டாக்டர். "இருபத்தெட்டுதான் வந்திருக்கிறது" என்றார் இன்னொருவர். யாரை நம்புவது?

இருவரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள். அதிகமாகச் சண்டை வரும் இடம் இது, ஆகவே கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

மொத்தக் கல்லீரல் 1,200 மில்லி என்று வையுங்கள். மிஞ்சப்போகும் இடப்பக்கம் 240 மில்லி. மொத்தத்தில் 20 சதவீதம். நான்கு வாரம் கழித்து அது 336 மில்லி ஆகிறது. 96 மில்லி கூடியிருக்கிறது. பழைய 240-ஓடு ஒப்பிட்டால் வளர்ச்சி 40 சதவீதம். மொத்தமான 1,200-ஓடு ஒப்பிட்டால் இப்போது அதன் பங்கு 28 சதவீதம். முதல் எண் எவ்வளவு பருத்தது என்பதைச் சொல்கிறது. ஆபரேஷன் செய்யலாமா என்பதை முடிவுசெய்வது இரண்டாவது எண்.

நாற்பது என்ற எண்ணைக் கேட்டுவிட்டு ஊருக்கு போன் போட்டு, "பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது" என்று சொல்லிவிடுவார்கள். மறுநாள் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்றதும், டாக்டர் பேச்சு மாற்றுகிறார் என்று சந்தேகம். பி.வி.இ.-க்குப் பிறகு மூன்று நான்கு வாரத்தில், பழைய அளவோடு ஒப்பிட்டால் 30 முதல் 40 சதவீதம் பருப்பது சாதாரணம். வேகத்தையும் பார்ப்பார்கள். மொத்தக் கல்லீரலில் அதன் பங்கு வாரத்துக்கு 2 புள்ளி அளவாவது கூடினால் அந்தக் கல்லீரலுக்குத் தெம்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். மேலே சொன்ன கணக்கில் நான்கு வாரத்தில் 20-லிருந்து 28. வாரத்துக்கு 2. சரியாக வரம்பில் நிற்கிறது. அதே நோயாளி ஆறு மாதம் கீமோ எடுத்தவர் என்றால், வேகம் போதும், அளவு இன்னும் 30-ஐ எட்டவில்லை. கொஞ்சம் பொறுக்கச் சொல்வார்கள்.

அடுத்த முறை கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "மொத்தத்தில் எத்தனை சதவீதம் மிஞ்சும்? எங்கள் நோயாளிக்கு எத்தனை வேண்டும்?" இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் வீட்டில் யார் கேட்டாலும் காட்டலாம்.

காத்திருக்கும்போது கட்டியும் சேர்ந்து வளராதா?

நியாயமான பயம். மழுப்ப மாட்டேன், அந்த வாய்ப்பு இருக்கிறது. கல்லீரலை வளரச்சொல்லும் அதே தூண்டுதல் சில கட்டிகளையும் தூண்டக்கூடும். அதனால்தான் டாக்டர்கள் தேவையைவிட அதிகம் காத்திருப்பதில்லை. பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவியவர்களுக்கு இடையில் கீமோவைத் தொடர்வதும் உண்டு. பெவாசிசுமாப் போன்ற மருந்து சேர்ந்திருந்தால் ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்பே அதை நிறுத்திவிடுவார்கள், காயம் ஆறுவதை அது தடுக்கும். கீமோ தேதி, ஸ்கேன் தேதி, ஆபரேஷன் தேதி மூன்றையும் பார்ப்பவர்கள் வேறுவேறு டாக்டர்களாக இருந்தால், கடைசியாக எந்த மருந்து எந்தத் தேதியில் ஏறியது என்பதை நீங்களே ஒரு நோட்டில் எழுதிவைத்துக் காட்டுங்கள்.

மிஞ்சப்போகும் பக்கத்திலும் சிறு கட்டிகள் இருந்தால், முதல் ஆபரேஷனில் அவற்றை எடுத்துவிட்டு, பிறகு மறுபக்கத்தை அடைத்து, வளர்ந்த பின் இரண்டாவது ஆபரேஷன் செய்வார்கள். வளரப்போகும் இடத்தில் கட்டியை விட்டுவைத்தால் அதையும் ஊட்டி வளர்த்ததாகிவிடும்.

ஒரு மாதம் ஆகியும் போதிய அளவு வளரவில்லை என்றால்?

எல்லாருக்கும் வளர்வதில்லை. வளர்ச்சி போதாமலோ, இடையில் கட்டி பரவியோ, ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஆபரேஷன் வரை போக முடியாமல் நிற்கிறார்கள். இதை முதல் நாளே குடும்பத்தில் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிறகு கேட்பது பேரிடியாக இருக்கும்.

அடுத்து என்ன என்றால், சில வழிகள் உண்டு. முதலாவது, போர்ட்டல் குழாயோடு அந்தப் பக்கத்து ரத்தம் வெளியேறும் ஹெபாடிக் சிரையையும் அடைப்பது. பிரான்சின் மான்ட்பெல்லியே டாக்டர்கள் 2016-இல் எழுதிய முறை இது. உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் அடைபட்டால் மறுபக்கம் இன்னும் வேகமாகப் பருக்கிறது. சில மையங்களில் தொடக்கத்திலேயே இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

இன்னொன்று ஆல்ப்ஸ் என்று சொல்லப்படும் இரட்டை ஆபரேஷன். வயிற்றைத் திறந்து போர்ட்டல் கிளையைக் கட்டி, கல்லீரலையும் நடுவே பிளந்துவிட்டு, இரண்டு பாகத்தையும் உள்ளேயே வைத்து மூடிவிடுவார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி திறந்து கெட்ட பாதியை எடுப்பார்கள். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் தொடங்கி 2012-இல் வெளியான முதல் பெரிய அறிக்கையில், 25 நோயாளிகளுக்கு ஒன்பதே நாளில் மீதிப் பாகம் 74 சதவீதம் பருத்திருந்தது. உலகமே வியந்தது. அதே அறிக்கையில் 12 சதவீதம் பேர் இறந்தும் போயிருந்தார்கள். இணையத்தில் தேடுகிறவர்கள் 74-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, "ஒன்பது நாளில் முடிகிறதை ஏன் ஒரு மாதம் இழுக்கிறீர்கள்" என்று டாக்டரிடம் கேட்கிறார்கள். அதன் பிறகு யாருக்குச் செய்யலாம் என்று சலித்தெடுக்கக் கற்றுக்கொண்டதால் ஆபத்து குறைந்திருக்கிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான லிக்ரோ ஆய்வில், ஆல்ப்ஸ் வழியில் போனவர்களில் 92 சதவீதம் பேருக்குக் கட்டியை எடுக்க முடிந்தது, பழைய இரண்டு கட்ட முறையில் 57 சதவீதம். ஆனாலும் பலவீனமான உடம்புக்கும், பித்தநாளப் புற்றுக்கும் இதை எளிதில் கையில் எடுக்க மாட்டார்கள்.

எதுவுமே பலிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான். அடைப்பு வைத்தும் வளராத கல்லீரல், வெட்டியிருந்தால் தாங்கியிருக்காது. ஆபரேஷன் நின்றுபோனது ஏமாற்றமாகத் தெரியும், ஆனால் ஆபரேஷனுக்குப் பின் நேர்ந்திருக்கக்கூடிய கல்லீரல் செயலிழப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. கீமோ, சூட்டால் கட்டியை எரிக்கும் ஆர்.எஃப்.ஏ., கதிர்வீச்சு என்று வேறு வழிகளைப் பேசுவார்கள்.

அத்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறது. அதோடு அடைப்பு வைக்கலாமா?

பொதுவாக முதலில் பித்தத்தை வடியவைப்பார்கள். கல்லீரல் வாசலில் பித்தநாளத்தில் கட்டி இருந்தால் பித்தம் தேங்கும், தேங்கிய கல்லீரல் சரியாக வளராது. எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளே ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய், அல்லது தோல் வழியாகக் குழாய் விட்டு வெளியே பை. பிலிருபின் இறங்க வாரக்கணக்கில் ஆகலாம். பையோடு இருக்கும் அந்த நாட்களில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் காலை வரை பொறுக்காதீர்கள், அன்று ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பித்தத்தில் தொற்று ஏறுவது மணிக்கணக்கில் மோசமாகும்.

கல்லீரலை வளர்க்க என்ன சாப்பாடு? கீழாநெல்லி கொடுக்கலாமா?

வளர்ப்பது ரத்த ஓட்டம். சாப்பாடு அதற்குச் செங்கல் சுமக்கிறது, அவ்வளவுதான். ஆனால் செங்கல் இல்லாமல் முடியாது. நம் ஆட்கள் இங்கேதான் கோட்டை விடுகிறோம். நோயாளி என்றதும் கஞ்சி, இட்லி, ரசம் சாதம், இளநீர். எண்ணெய், பருப்பு, முட்டை, மீன் எல்லாம் தள்ளுபடி. மாட்டுங்காவிலிருந்து தினமும் இட்லி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, பெரியவர் ஏன் மெலிகிறார் என்று கேட்பார்கள். ஒரு இட்லியில் புரதம் ஏறக்குறைய 2 கிராம்தான்.

பெரிய ஆபரேஷனுக்குத் தயாராகும் உடம்புக்கு, ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும் என்பது ஊட்டச்சத்து நிபுணர்களின் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவு. சைவம் என்றால் பருப்பு, சுண்டல், பன்னீர், தயிர், நிலக்கடலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எட்ட முடியும். ஒரே வேளையில் முடியாது, ஆறு வேளையாகப் பிரியுங்கள். "கல்லீரல் நோய்க்குப் புரதம் கூடாது" என்பது பழைய பேச்சு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டயட்டீஷியன் சொல்லும் அளவு.

கல்லீரலில் கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முந்தைய ஓரிரு வாரம் வேண்டுமென்றே கலோரியைக் குறைத்துக் கொடுப்பதுண்டு. அது டாக்டர் சொன்னால் மட்டும். தானாகப் பட்டினி கிடக்கக் கூடாது.

கீழாநெல்லி பற்றி: பாட்டி கொடுத்து காமாலை போனது என்று எல்லார் வீட்டிலும் ஒரு கதை உண்டு. சாதாரணத் தொற்றுக் காமாலை பெரும்பாலும் தானாகவே போகக்கூடியது. கட்டி அடைத்துவரும் காமாலை அப்படியில்லை. மூலிகை, லேகியம், "லிவர் டானிக்" எதுவும் கல்லீரலின் ஒரு பக்கத்தை மட்டும் வளர்த்துவிட முடியாது. சில மூலிகைகள் கெடுக்கவும் கூடும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-இல் மும்பை டாக்டர்கள்தான் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் எப்படியோ போகட்டும், மிச்சமிருக்கும் 20 சதவீதக் கல்லீரலை வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சை நமக்கு வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது எடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

சர்க்கரை நோய், குடி இருந்தால்?

கட்டுப்பாடில்லாத சர்க்கரை வளர்ச்சியை மெதுவாக்கும். குடி, அளவு எவ்வளவானாலும், முழுக்க நிறுத்த வேண்டும். "பீர் மட்டும்தான்" என்பவருக்கும் இதே பதில். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், குழப்பம் வரலாம் என்பதால் அதையும் டாக்டர் பார்வையில் செய்யுங்கள். பீடி, சிகரெட்டும் கூடாது, அது நுரையீரலுக்காக.

நடுவில் ஊருக்குப் போய் வரலாமா?

டாக்டர் அனுமதித்தால் போகலாம். அடைப்பு வைத்து முதல் வாரம் மும்பையிலேயே இருப்பது நல்லது என்பேன். தாதரிலிருந்து திருநெல்வேலி வண்டி ஏறினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும், நடுவழியில் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது? அடுத்த சி.டி. தேதிக்கு இரண்டு நாள் முன்பே திரும்பும்படி டிக்கெட் எடுங்கள். தேதி தவறினால் ஸ்கேன் வரிசை தள்ளும், ஆபரேஷன் தேதியும் தள்ளும்.

இங்கேயே தங்குகிறவர்கள் தாதரில் உள்ள காட்கே மகாராஜ் தர்மசாலையை விசாரிக்கலாம், மருத்துவமனைக் கடிதம் கேட்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: டாடா மெமோரியல், கே.இ.எம். மருத்துவமனைகள் இருப்பது பரேலில். லோயர் பரேல் வேறு ஸ்டேஷன், வேறு ரயில் பாதை. அங்கே இறங்கிவிட்டு நோயாளியோடு வெயிலில் நடக்காதீர்கள்.

படுத்தே இருக்கவிடாதீர்கள். தினமும் இரண்டு வேளை நடை, மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூன்று பந்தையும் ஏற்றும் பழக்கம், இரண்டும் ஆபரேஷனுக்குப் பின் கைகொடுக்கும்.

என் கல்லீரலில் பாதியை அம்மாவுக்குக் கொடுத்தால் இந்த வேலையே வேண்டாமே?

கேட்ட மனதுக்கு மரியாதை. ஆனால் அது வேறு சிகிச்சை. மாற்று ஆபரேஷனில் நோயாளியின் கல்லீரலை முழுக்க எடுத்துவிட்டு வைப்பார்கள், மிச்சத்தோடு ஒட்டுவைப்பதில்லை. வாழ்நாள் முழுக்க எதிர்ப்பு அடக்கும் மாத்திரை வேண்டும், பரவிய புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது. சிரோசிஸோடு சிறிய ஹெபாடோமா இருப்பவர்களுக்கு மாற்று நல்ல வழியாக இருக்கலாம், அதை டாக்டரே எடுத்துச் சொல்வார். உயிரோடிருப்பவர் தானம் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கு உட்பட்டது, உறவை நிரூபிக்கும் ஆவணங்கள் வேண்டும்.

செலவு?

அடைப்பு ஒரு பில், ஆபரேஷன் வேறு பில், நடுவில் ஸ்கேன்கள். காப்பீட்டில் இருந்தால், இரண்டுக்கும் தனித்தனியாக முன் அனுமதி வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். ஆயுஷ்மான் அட்டை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இரண்டு கட்டமும் ஒரே ஆண்டில் வந்தால் அந்த வரம்புக்குள்தான் இரண்டும். தமிழ்நாட்டு அட்டையை மும்பை மருத்துவமனையில் ஏற்பார்களா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன் உறுதிசெய்யுங்கள். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் பிரிவு உண்டு. அங்கே போகக் கூச்சப்படாதீர்கள், அறக்கட்டளை உதவிகளுக்கு வழிகாட்டுவதே அவர்கள் வேலை.

அப்பாவுக்குப் புற்று என்றே சொல்லவில்லை. இதை எப்படிச் சொல்வது?

டாக்டர் பேசும்போது நான் தமிழில் என்ன சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று மகன்கள் கண்ணால் ஜாடை காட்டுவார்கள். நான் விட்டுச் சொல்வதில்லை. இரண்டு முறை ஊசி, ஸ்கேன், ஒரு மாதப் பத்தியம், பெரிய தழும்பு என்று இவ்வளவையும் தாங்கப்போகிறவர் அவர்தான். எதற்கென்று தெரியாதவர் முட்டையை ஒதுக்குவார், நடக்க மாட்டார், ஒரு வாரத்தில் ஊருக்குப் போகலாம் என்பார். "கல்லீரலில் கட்டி இருக்கிறது, எடுக்கும் முன் நல்ல பாகத்தைப் பெருக்கவைக்கிறார்கள்" என்ற அளவாவது அவருக்குத் தெரியட்டும். மேலே எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். பலர் நாம் நினைப்பதைவிட முன்பே ஊகித்திருப்பார்கள். கையெழுத்தும் அவருடையதுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு?

முதல் வாரம் பிலிருபினும் ஐ.என்.ஆர்.-உம் தினமும் பார்ப்பார்கள். கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு. ஐந்தாம் நாள் எண்களை டாக்டர்கள் தனியாகக் கவனிப்பார்கள். அன்றைக்கும் இரண்டும் மோசமாகவே இருந்தால் மிச்சக் கல்லீரல் திணறுகிறது என்று பொருள். மீதிப் பாகம் தொடர்ந்து வளரும். முதல் வாரங்களில் வேகமாக, மூன்று மாதத்துக்குள் பெரும்பகுதி, பிறகு மெதுவாக. வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கண் மஞ்சளாவது, வயிறு உப்புவது, பகலில் தூங்கி வழிந்து பேச்சு குழறுவது எதைக் கண்டாலும் உடனே கூப்பிடுங்கள். வலிக்கு பாராசிட்டமால் எவ்வளவு வரை என்று டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்குங்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு எதையும் போடாதீர்கள்.

வளர்ந்த கல்லீரல் பழைய வடிவத்தில் இருக்காது. ஊரில் பிறகு எங்காவது ஸ்கேன் எடுத்தால், வலப்பக்கத்தைக் காணோம், இடப்பக்கம் வீங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்து வீட்டையே கலக்கிவிடுவார்கள். எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்று எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் தாளின் நகலையும், ஆபரேஷனுக்குப் பின் எடுத்த முதல் ஸ்கேனின் சி.டி. தட்டையும் ஸ்கேன் சென்டருக்குக் கையோடு கொண்டுபோங்கள்.